ரிகம்பென்ட் சைக்கிள் ஓட்ட வரவில்லை, விற்க வேண்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாய்ந்து உட்கார்ந்து, காலை முன்னால் நீட்டி மிதிக்கும் ரிகம்பென்ட் சைக்கிளை ஆசையாக வாங்கிவிட்டு, பேலன்ஸ் வராமல் ஓரமாக நிறுத்தி வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். டயரில் இருக்கும் ரப்பர் முடிகூட உதிர்ந்திருக்காது. அவர்கள் கேட்கும் கேள்விகளும், அந்த வண்டியை வாங்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளும் இங்கே. கிடைத்த விலைக்குத் தள்ளிவிட வேண்டாம் என்பதுதான் என் கட்சி. இந்த வண்டிக்கென்று ஆள் இருக்கிறார். அவர் கண்ணில் படும்படி, உள்ளதை உள்ளபடி சொல்லி விற்க வேண்டும்.

சாதாரண சைக்கிள் சின்ன வயதிலிருந்து ஓட்டுகிறேன். இது மட்டும் ஏன் வரவில்லை? வண்டியில் கோளாறா?

பெரும்பாலும் வண்டியில் கோளாறு இருக்காது. சாதாரண சைக்கிளில் நாம் ஹேண்டில்பாரை மட்டும் வைத்து பேலன்ஸ் செய்வதில்லை. இடுப்பை அசைக்கிறோம், தோளைச் சாய்க்கிறோம், தடுமாறினால் பெடல் மேல் எழுந்து நிற்கிறோம். இதெல்லாம் நமக்கே தெரியாமல் நடப்பவை. ரிகம்பென்டில் முதுகு சீட்டோடு ஒட்டிக் கிடக்கிறது. உடம்பை அசைத்துச் சமாளிக்க வழியில்லை, மொத்த வேலையும் ஹேண்டில்பாரின் தலையில் விழுகிறது. பல வருடப் பழக்கத்தில் உடம்பு தானாகச் செய்யும் திருத்தங்கள் இங்கே உதவாது. அதனால்தான் நன்றாக சைக்கிள் ஓட்டுகிறவர்கூட முதல் நாள் தத்தளிக்கிறார்.

உயரமும் ஒரு காரணம். உள்ளங்கையில் நிறுத்திய நீளமான கம்பு மெதுவாகச் சாயும், அதைப் பிடிக்க நேரம் கிடைக்கும். பென்சிலை நிறுத்தினால் பொத்தென்று விழுந்துவிடும். தாழ்வாக உட்காரும் சைக்கிளும் அப்படித்தான். சாயத் தொடங்கினால் வேகமாகச் சாயும், திருத்தக் கிடைக்கும் நேரம் குறைவு.

அடுத்தது கால். தரையில் ஊன்றிய காலை எடுத்து, இடுப்புக்குச் சமமாகவோ அதற்கும் மேலேயோ இருக்கிற பெடலில் வைக்க வேண்டும். அந்த நொடியில் வண்டிக்கு இன்னும் வேகம் வந்திருக்காது. புதிதாகக் கற்பவர்கள் அனேகமாக விழுவது அங்கேதான். ஒருமுறை விழுந்தால் பயம் வரும், பயம் வந்தால் தோள் தூக்கிக்கொள்ளும், முழங்கை விறைக்கும், மிதிக்கிற ஒவ்வொரு மிதிக்கும் ஹேண்டில்பார் ஆடும்.

வண்டியையே சந்தேகப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு. முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிப் பிடித்து, ஹேண்டில்பாரை விரலால் லேசாகத் தள்ளிப் பாருங்கள். தடையில்லாமல் பக்கவாட்டில் திரும்ப வேண்டும். நடுவில் இறுகி நின்றால் ஹெட்செட்டை, அதாவது ஹேண்டில்பார் திரும்பும் பேரிங்கை, அளவுக்கு மேல் முடுக்கியிருக்கலாம், அல்லது அந்தப் பேரிங் கெட்டிருக்கலாம். அந்த வண்டியை யாராலும் நேராக ஓட்ட முடியாது. சீட்டுக்கு அடியில் ஹேண்டில் இருக்கும் வகை என்றால், ஹேண்டிலையும் முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கையும் இணைக்கும் கம்பியின் மூட்டுகளில் ஆட்டம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

எல்லா ரிகம்பென்டும் இதே அளவு கஷ்டமா?

இல்லை. உங்களுடையது எந்த வகை என்று தெரிந்தால்தான் யாருக்கு விற்பது என்று தெரியும்.

வீல்பேஸ் என்பது முன் சக்கர அச்சுக்கும் பின் சக்கர அச்சுக்கும் உள்ள தூரம். நீண்ட வீல்பேஸ் வண்டியில் முன் சக்கரம் பெடலுக்கும் முன்னால் இருக்கும். சீட் நிமிர்ந்திருக்கும், பெடல் தாழ்வாக இருக்கும். கற்றுக்கொள்ள எளிதானது இதுதான். ஆனால் இரண்டு மீட்டருக்கு மேல் நீளம் வரும் என்பதால் லிஃப்டிலும் காரிலும் ஏற்றுவது பெரும்பாடு.

குட்டை வீல்பேஸில் முன் சக்கரம் தொடைக்குக் கீழே வந்துவிடும், பெடல் அதைத் தாண்டி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். சின்ன முன் சக்கரம் என்பதால் ஹேண்டில்பாரைத் தொட்டாலே திரும்பும். மெதுவாகப் போகும்போது சட்டென்று திருப்பினால் சில மாடல்களில் குதிகால் டயரில் இடிக்கும். இது வடிவமைப்பிலேயே இருப்பது, திரும்பும்போது மிதிப்பதை நிறுத்தக் கற்றுக்கொள்ள வேண்டும்.

முன்னும் பின்னும் பெரிய சக்கரம் போட்ட ஹைரேசரில் சீட் உயரம். கால் குட்டையானவருக்குத் தரை எட்டாது, நிற்கும்போது விரல் நுனிதான் படும். தரையோடு தரையாகப் போகும் லோரேசர் நேர்ப் பாதையில் பறக்கும். ஆனால் கிளம்புவதும் நெரிசலில் ஓட்டுவதும் பழகியவருக்கே வேலைதான்.

எல்லாவற்றிலும் வித்தியாசமானது முன் சக்கரத்துக்கே செயின் போகும், ஹேண்டில்பாரோடு பெடலும் சேர்ந்து திரும்பும் வகை. குரூஸ்பைக் செய்கிற வண்டிகள் இப்படி. இங்கே கால் மிதிக்கிற அழுத்தமே வண்டியைத் திருப்பும், கை அதை எதிர்த்துப் பிடிக்க வேண்டும். மற்ற ரிகம்பென்டில் கைதேர்ந்தவர்களே இதில் ஏறினால் முதலிலிருந்து கற்க வேண்டியிருக்கிறது. உங்களிடம் இருப்பது இது என்றால், வரவில்லையே என்று வருத்தப்படவே வேண்டாம்.

விற்பதற்கு முன் இன்னொரு முறை முயற்சி செய்து பார்க்கலாமா?

பார்க்கலாம். ஆனால் வண்டியை உங்கள் உடம்புக்குச் சரியாக வைத்துவிட்டுப் பாருங்கள். வரவில்லை என்று விற்க வருகிற வண்டிகள் பலவற்றில் பூம் தப்பான நீளத்தில் இருக்கிறது. பூம் என்பது பெடல் பொருத்தியிருக்கும் அந்த முன் குழாய். சீட்டில் நன்றாகப் பின்னால் ஒட்டி உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வையுங்கள். பெடல் உங்களைவிட்டுத் தள்ளிப்போகும் கடைசி இடத்தில் முழங்கால் நேராக நீள வேண்டும். அப்படியென்றால் முன்பாதம் வைத்து மிதிக்கும்போது லேசான மடிப்பு இருக்கும், அதுதான் அளவு. சீட்டை முடிந்தவரை நிமிர்த்திவிடுங்கள். ஷூவைப் பூட்டும் பெடல் இருந்தால் கழற்றிவிட்டு சாதாரணத் தட்டைப் பெடல் போடுங்கள். டயரில் குறிப்பிட்ட அளவு காற்று இருக்கட்டும்.

வண்டி எதுவும் வராத, வழவழப்பான, மிக லேசான சரிவுள்ள இடம் வேண்டும். முதலில் பெடலே வேண்டாம். இரண்டு காலையும் தரைக்குச் சற்று மேலே தொங்கவிட்டபடி சரிவில் உருளுங்கள், நிறுத்துங்கள், மறுபடி மேலே தள்ளிக்கொண்டு போங்கள். ஹேண்டில்பாரை இரண்டு விரலால் பிடித்தால் போதும் என்கிற நிம்மதி வருகிற வரைக்கும் இதுவே பயிற்சி. பிறகு ஒரு காலைப் பெடலில் வைத்து உருளுங்கள். அடுத்ததுதான் மிதிப்பது.

கிளம்பும் விதம் இப்படி: கியர் மிகக் குறைவாகவும் வேண்டாம், கனமாகவும் வேண்டாம். மிகக் குறைவாக இருந்தால் கால் சுற்றும், வேகம் வராது. பலமான காலின் பெடல் உங்களுக்கு மிக அருகில் வரும் இடத்தைத் தாண்டிச் சற்றே மேலே ஏறிய நிலையில் இருக்கட்டும். பிரேக்கைப் பிடித்துக்கொண்டு அந்தக் காலை அழுத்துங்கள், வண்டி முன்னால் போகத் துடிக்கும். பார்வை இருபது அடி முன்னால். பிரேக்கை விட்டு, ஒரே முழு மிதி. அந்த மிதியின் வேகத்திலேயே இன்னொரு கால் பெடலுக்கு வந்துவிட வேண்டும். பெடலைக் குனிந்து தேடக்கூடாது, முதுகு சீட்டைவிட்டு எழவும் கூடாது.

சில வாரம் இப்படிப் பழகியும் ஏறும்போதெல்லாம் வயிற்றில் பயம்தான் இருக்கிறது என்றால் விற்றுவிடுங்கள். சைக்கிள் ஓட்டுவது சந்தோஷத்துக்காக.

“ஓட்டப் பழக முடியவில்லை, அதனால் விற்கிறேன்” என்று விளம்பரத்தில் எழுதலாமா? விலை குறையாதா?

கட்டாயம் எழுதுங்கள். விவரம் தெரிந்தவர் அந்த வரியைப் படித்தால் அவருக்குப் புரிவது வேறு: செயின் தேயவில்லை, பேரிங் புதுசு, டயர் புதுசு, வண்டி மழையில் நனைந்ததில்லை. அவருக்கு அது நல்ல செய்தி. “நேரம் கிடைக்கவில்லை”, “இடமில்லை” என்று பூசி மெழுகினால்தான் சந்தேகம் வரும். இவ்வளவு புதிய வண்டியை ஏன் விற்கிறார், ஃபிரேமில் விரிசலா, திருட்டு வண்டியா என்று யோசிப்பார்.

விவரம் தெரியாதவருக்கும் அந்த வரி தேவை. அதைப் படித்துப் பின்வாங்குகிறவர் வாங்கியிருந்தால் உங்களைப் போலவே ஓரமாக நிறுத்தி வைத்திருப்பார். படித்த பிறகும் வருகிறவர் பழகத் தயாராக வருகிறார்.

மாதிரிக்கு ஒன்று: “குட்டை வீல்பேஸ் ரிகம்பென்ட், சீட்டுக்கு மேல் ஹேண்டில்பார். முன் சக்கர ரிம் 406 மில்லிமீட்டர், பின் சக்கர ரிம் 559 மில்லிமீட்டர். மிகக் குறைவாகவே ஓடியது. எனக்கு பேலன்ஸ் பழகவில்லை, அதனால் விற்கிறேன். நின்ற இடத்தில் இரண்டு முறை இடது பக்கம் சாய்ந்து விழுந்தது. ஹேண்டில்பார் முனையிலும் இடது பெடலிலும் கீறல், படம் இணைத்திருக்கிறேன். பில் இருக்கிறது. வெட்டிய செயின் துண்டும் இருக்கிறது. நேரில் வந்து நிதானமாக ஓட்டிப் பார்க்கலாம்.” இதற்கு மேல் அலங்காரம் வேண்டாம்.

என்னென்ன அளவுகள் கொடுக்க வேண்டும்?

சாதாரண சைக்கிளுக்கு ஃபிரேம் சைஸ் ஒன்று போதும். ரிகம்பென்ட் வாங்குகிறவர் முதலில் கேட்பது எக்ஸ்-சீம். தரையில் காலை நீட்டி, முதுகையும் இடுப்பையும் சுவரோடு ஒட்டி உட்கார்ந்து, சுவரிலிருந்து உள்ளங்கால் வரை அளப்பது அது. ஆளின் மொத்த உயரம் அவ்வளவு உதவாது. ஒரே உயரமுள்ள இரண்டு பேரில் ஒருவருக்குக் கால் நீளம், இன்னொருவருக்கு உடம்பு நீளம். உங்கள் வண்டியின் பூமை முழுக்க உள்ளே தள்ளினால் எந்த எக்ஸ்-சீமுக்குச் சரிவரும், பாதுகாப்பாக வெளியே இழுத்தால் எதுவரை வரும் என்று சென்டிமீட்டரில் எழுதுங்கள். தயாரிப்பாளரின் கையேட்டில் அனேகமாக இருக்கும். பூமில் குறைந்தபட்சம் இவ்வளவு உள்ளே இருக்க வேண்டும் என்ற கோடு போட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

அடுத்தது தரையிலிருந்து சீட்டின் உயரம். பிறகு சக்கர அளவு. “20 அங்குலம்” என்று மட்டும் எழுதினால் போதாது. 406 மில்லிமீட்டர் ரிம்மும் 451 மில்லிமீட்டர் ரிம்மும் இரண்டுமே 20 அங்குலம் என்றுதான் விற்கிறார்கள், ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட எண்ணைப் பார்த்து எழுதுங்கள். மொத்த நீளம், எடை, தாங்கும் எடையின் வரம்பு, பிரேக் வகை, கியர் விவரம் ஆகியவற்றை ஒரு பத்தியில் சொல்லிவிடலாம்.

படம் எப்படி எடுப்பது?

செயின் இருக்கும் பக்கம் முழு வண்டியும் தெரிகிற மாதிரி, கேமராவைச் சக்கரத்தின் அச்சு உயரத்துக்கு இறக்கி எடுங்கள். நின்றபடி மேலிருந்து எடுத்தால் சீட்டின் சாய்வும் பெடலின் உயரமும் பொய்யாகத் தெரியும், பார்க்கிறவர் முதலில் கவனிப்பது அந்த இரண்டைத்தான். பிறகு ஹேண்டில்பார், பூம், செயின் திரும்பும் ஐட்லர் கப்பி, கியர் மாற்றும் பின் டெரெய்லர், ஒவ்வொரு கீறலும் கிட்டத்தில். சீரியல் எண்ணைப் படத்தில் காட்ட வேண்டாம், நேரில் வருகிறவருக்குக் காட்டினால் போதும்.

என்ன விலை சொல்வது?

இதே மாடல் இன்று புதிதாக என்ன விலை என்று பாருங்கள், நீங்கள் கொடுத்த விலையை அல்ல. விற்பவர்கள் கேட்கிற விலையைவிட, உண்மையில் கைமாறிய விலைதான் உங்களுக்குத் துப்பு. பல மாதமாக அப்படியே கிடக்கிற விளம்பரத்தின் விலை யாரும் கொடுக்கத் தயாராக இல்லாத விலை.

“அபூர்வமான வண்டி” என்ற எண்ணத்தில் விலையை ஏற்ற வேண்டாம். அபூர்வம் என்றால் வாங்க வருகிறவரும் அபூர்வம். அதே சமயம் வாங்க வருகிறவருக்கு விலை தெரியும். புதியதன் விலை தெரியும், காத்திருந்து வரவழைக்கிற சிரமமும் தெரியும். காத்திருக்காமல் கிடைக்கிறதே என்பதற்காக நல்ல விலை தருவார். உங்களுக்கு வேண்டியது பொறுமை. சாதாரண சைக்கிள் போல ஒரு வாரத்தில் போய்விடாது.

பை, கண்ணாடி, விளக்கு, ஹெட்ரெஸ்ட் மாதிரி கூடுதலாகப் போட்டவற்றுக்குக் கொடுத்த காசு திரும்பாது. வண்டியோடு சேர்த்துக் கொடுத்தால் வேகமாகப் போகும். ஹெட்ரெஸ்ட் மட்டும் விதிவிலக்கு. சாய்வு அதிகமான சீட்டில் கழுத்துக்கு அது வேண்டும், சில மாடல்களுக்குத் தனியாகக் கிடைப்பதும் கஷ்டம். அதை விளம்பரத்தில் மேலேயே சொல்லுங்கள்.

வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுக்கலாமா?

முதலில் அங்கேதான் கேட்க வேண்டும். ரிகம்பென்ட் விற்கிற கடைக்காரருக்கு இது புதிதல்ல, பழக முடியாமல் திரும்ப வருகிற வண்டிகளை அவர் பார்த்திருப்பார். சிலர் விற்றுத் தந்து கமிஷன் எடுத்துக்கொள்வார்கள். சிலர் மூன்று சக்கர ரிகம்பென்டுக்கு மாற்றிக் கொடுப்பார்கள். நேரடியாக விற்பதைவிடக் கையில் வருவது குறைவாக இருக்கலாம், ஆனால் டெஸ்ட் ரைடு, பார்சல், பேரம் எதுவும் உங்கள் தலையில் இல்லை.

மூன்று சக்கரத்துக்கு மாறுவது நல்லதா?

பேலன்ஸ்தான் பிரச்சினை என்றால் அங்கே அது இல்லவே இல்லை. சாய்ந்து உட்காரும் சுகத்துக்காகத்தான் வாங்கினீர்கள் என்றால் நல்ல யோசனை. எடையும் அகலமும் கூடும், வீட்டுக்குள் கொண்டுபோக வாசல் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். முன்னால் இரண்டு சக்கரம் உள்ளவை தாழ்வாக, வேகமாக இருக்கும். பின்னால் இரண்டு சக்கரம் உள்ளவற்றில் அனேகமாக சீட் உயரம், முழங்கால் வலி உள்ளவருக்கு ஏறி இறங்க வசதி.

எப்படிப்பட்டவர்கள் வாங்குவார்கள்? யாருக்கு விற்கக்கூடாது?

ஏற்கனவே ரிகம்பென்ட் ஓட்டுகிறவர்தான் முதல் ஆள். இரண்டாவது வண்டி தேடுகிறவர், பழையது தேய்ந்துபோனவர், நீண்ட வீல்பேஸிலிருந்து வேகமானதுக்கு மாறுகிறவர். அப்படி ஒருவர் வாங்க வந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். பையில் தன் பெடல், ஆலன் கீ, அளவு டேப் மூன்றையும் கொண்டுவந்திருந்தார். வண்டியைச் சுற்றிப் பார்க்கவில்லை. நேராகச் சீட்டில் உட்கார்ந்தார், பூமை இரண்டு விரல் அளவு உள்ளே தள்ளினார், முடுக்கினார், மைதானத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து பில் இருக்கிறதா என்று கேட்டார். விற்றவர் அந்த வண்டி அவ்வளவு நேராகப் போய் அன்றுதான் பார்த்தார்.

அடுத்தவர்கள் வலிக்காகத் தேடி வருகிறவர்கள். மணிக்கட்டு, கழுத்து, இடுப்பு வலியால் சாதாரண சைக்கிளை விட்டவர்களுக்கு ரிகம்பென்ட் பெரிய வரம். கையில் எடை விழாது, சீட் உறுத்தாது, தலையை நிமிர்த்திப் பார்க்க வேண்டியதில்லை. இவர்களிடம் அவசரப்படாதீர்கள். உட்காரச் சொல்லுங்கள், உருளச் சொல்லுங்கள், வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வரச் சொல்லுங்கள். உட்காருவதில் சுகம் கண்டு கையோடு காசை நீட்டுவார்கள், ஓட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

தலைச்சுற்றல், காது சம்பந்தப்பட்ட பேலன்ஸ் பிரச்சினை, விழுந்தால் எலும்பு முறியும் அபாயம் உள்ளவர்கள் வந்தால் இரண்டு சக்கரத்தை விற்க வேண்டாம், மூன்று சக்கரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். உங்களுக்கு ஒரு வியாபாரம் போகும், போகட்டும். இதுவரை ஓட்டியதே இல்லை, நெரிசலான சாலையில் நாளையே வேலைக்குப் போக வேண்டும் என்கிறவருக்கும் இது ஆகாது.

கீழே போட்ட கீறல்கள் இருக்கின்றன. பெயின்ட் அடித்து மறைக்கலாமா?

வேண்டாம். பழகும்போது விழுந்த வண்டியில் கீறல் எங்கே இருக்கும் என்பது வாங்குகிறவருக்குத் தெரியும்: ஹேண்டில்பார் முனை, பிரேக் லிவர், பெடலின் வெளி ஓரம், சீட்டின் பக்கவாட்டு, பின் டெரெய்லர். அங்கே புதுப் பெயின்டைப் பார்த்தால் வேறு எதையோ மறைக்கிறார் என்று நினைப்பார்.

நின்ற இடத்தில் சாய்ந்த விழுகைகளால் ஃபிரேமுக்கு அனேகமாக ஒன்றும் ஆகாது. பார்க்க வேண்டியது டெரெய்லர் தொங்கும் அந்தச் சின்ன உலோகத் துண்டு. வலது பக்கம் விழுந்தால் அது உள்பக்கமாக வளையும், கியர் ஒழுங்காக விழாது. மிக லேசான கியருக்குப் போனால் டெரெய்லர் ஸ்போக்கில் மாட்டும் ஆபத்தும் உண்டு. பின்னாலிருந்து பார்த்து நேராக இல்லையென்றால் விற்பதற்கு முன்பே மெக்கானிக்கிடம் நிமிர்த்திவிடுங்கள். கார்பன் ஃபிரேம் அல்லது கார்பன் சீட் என்றால் அடிபட்ட இடத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். கோடு மாதிரி விரிசல், நகம் மாட்டுகிற பிளவு, தட்டினால் மந்தமாக ஒலிக்கும் இடம் இருந்தால், விவரம் தெரிந்தவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் விற்பனை.

பூமை நகர்த்தினால் செயின் நீளம் மாறுமா?

பின் சக்கர டிரைவ் என்றால் மாறும். இதை மறந்துதான் டெஸ்ட் ரைடு நாளில் பலர் திண்டாடுகிறார்கள். பெடலிலிருந்து பின் சக்கரத்துக்குச் செயின் மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை போகிறது. பூமை 1 சென்டிமீட்டர் வெளியே இழுத்தால் செயின் 2 சென்டிமீட்டர் கூடுதலாக வேண்டும். செயினில் ஓர் இணைக் கண்ணியின், அதாவது உள் கண்ணியும் வெளிக் கண்ணியும் சேர்ந்ததன், நீளம் 25.4 மில்லிமீட்டர். பூம் ஒன்றேகால் சென்டிமீட்டர் நகர்ந்தால் ஓர் இணை சேர்க்கவோ எடுக்கவோ வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். கொஞ்சம் நகர்த்தினால் டெரெய்லரே சமாளித்துக்கொள்ளும்.

இந்தச் செயின் சாதாரண சைக்கிள் செயினைப் போல இரண்டரை மடங்கு, மூன்று மடங்கு நீளம். உங்கள் காலுக்காகக் கடையில் வெட்டியிருந்தால் அந்தத் துண்டைத் தேடி எடுங்கள். உங்களைவிட உயரமானவர் வந்தால் அந்தத் துண்டு இல்லாமல் ஓட்டிப் பார்க்கவே முடியாது. வருகிறவரின் எக்ஸ்-சீமைப் போனிலேயே கேட்டு, பூமைச் சரிசெய்து வைத்துவிடுங்கள். பூம் போல்ட்டை முடுக்கும்போது அதன் மேல் எழுதியிருக்கும் அளவைத் தாண்ட வேண்டாம், முக்கியமாகக் கார்பனில்.

விற்பதற்கு முன் சர்வீஸ் செய்ய வேண்டுமா?

ஓடாத வண்டிக்கு அதிகம் வேண்டாம். காற்று அடியுங்கள். செயினைத் துடைத்து லேசாக எண்ணெய் விடுங்கள். ஐட்லர் கப்பியைக் கையால் சுற்றி, கரகரப்பு இல்லாமல் சுற்றுகிறதா பாருங்கள். பிரேக் இரண்டும் பிடிக்க வேண்டும், டிஸ்க் பிரேக்கில் எண்ணெய் படவே கூடாது.

டெஸ்ட் ரைடில் அவர் விழுந்து வண்டிக்கு அடிபட்டால் யார் பொறுப்பு?

ஓட்டுவதற்கு முன்பே பேசிவிடுங்கள், பின்னால் பேசினால் சண்டை. கீறல் விழுந்தால் என் பொறுப்பு, ஏதாவது உடைந்தால் உங்கள் பொறுப்பு என்று நேராகச் சொல்லலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். முன்பின் தெரியாதவர் என்றால் விலையில் ஒரு பகுதியைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு ஏற்றுங்கள். ஹெல்மெட் கட்டாயம், மூடிய ஷூ, செயினில் மாட்டுகிற மாதிரித் தொங்கும் துணி கூடாது.

புதியவர் என்றால் ஐந்து நிமிடத்தில் எதுவும் தெரியாது. அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். முதலில் இரண்டு பிரேக்கையும் பிடித்தபடி நிறுத்தி, உட்காரச் சொல்லி, பெடலில் கால் வைத்துப் பார்க்கட்டும். நீங்கள் பின்னால் நின்று சீட்டின் மேல் விளிம்பைப் பிடியுங்கள். ஹேண்டில்பாரைத் தொடாதீர்கள், அதைப் பிடித்தால் அவர் பேலன்ஸ் செய்ய விடாமல் தடுக்கிறீர்கள். பக்கத்தில் நடந்தபடி தோளைத் தளர்த்தச் சொல்லிக்கொண்டே இருங்கள். அவர் விழப்போனால் வண்டியை விட்டுவிட்டு ஆளைப் பிடியுங்கள். ஓடும்போது காலைத் தரையில் ஊன்றி நிறுத்தப் பார்க்கக் கூடாது, வண்டி முன்னேறிக் கால் சீட்டுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ரிகம்பென்டைப் பந்தயத்தில் தடை செய்திருக்கிறார்களாமே, சாலையில் ஓட்டலாமா என்று வாங்குகிறவர் கேட்கிறார்.

தடை உண்மை, ஆனால் அது உலக சைக்கிள் சம்மேளனத்தின் (UCI) விதிப்படி நடக்கும் பந்தயங்களுக்கு மட்டும். 1933-இல் பாரிஸில் ஃபிரான்சிஸ் ஃபோர் என்ற வீரர், சார்ல் மோஷே வடிவமைத்த ரிகம்பென்டில் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் ஓட்டினார். ஆஸ்கர் எக் 1914-இல் வைத்த 44.247 கிலோமீட்டர் சாதனை முறிந்தது. அடுத்த வருடம், 1934-இல், சம்மேளனம் பந்தய சைக்கிளின் வடிவத்துக்கு விதி எழுதி ரிகம்பென்டை வெளியே நிறுத்தியது. மெதுவானது என்றோ ஆபத்தானது என்றோ நிறுத்தவில்லை. சாய்ந்து உட்காருவதால் காற்றின் எதிர்ப்பு குறைகிறது. 2016-இல் டாட் ரைகர்ட் முழுக்க மூடிய கூடு போட்ட ரிகம்பென்டில், நெவாடாவின் பேட்டில் மவுன்டன் அருகே சமதளச் சாலையில் மணிக்கு 144.17 கிலோமீட்டர் வேகம் தொட்டார். சாலையில் ஓட்டுவதற்கும் அந்தத் தடைக்கும் சம்பந்தமில்லை. தாழ்வாக இருப்பதால் உயரமான கொடி, இரண்டு பக்கமும் கண்ணாடி, பகலிலும் எரியும் பின் விளக்கு போடச் சொல்லுங்கள்.

வெளியூருக்குப் பார்சலில் அனுப்பலாமா?

அனுப்பலாம், ஆனால் வாங்குகிறவர் இந்த வகையை முன்பே ஓட்டியவராக இருந்தால் மட்டும். ஓட்டிப் பார்க்காத புதியவருக்கு அனுப்புவதை நான் விரும்புவதில்லை.

பிரிப்பதற்கு முன் பூம் எவ்வளவு வெளியே நிற்கிறது என்று டேப் ஒட்டிக் குறித்து, ஒவ்வொரு பக்கமும் படம் எடுங்கள். செயின் எந்தக் கப்பிக்கு மேலே, எந்தக் குழாய் வழியாகப் போகிறது என்ற படம் முக்கியம். அது இல்லாமல் அங்கே மாட்டுகிறவர் அரை நாள் போராடுவார். சீட்டைக் கழற்றுங்கள், பூமை உள்ளே தள்ளுங்கள் அல்லது முழுக்க எடுங்கள், பெடலைக் கழற்றுங்கள். இடது பெடலின் மரை தலைகீழ் என்பதை நினைவில் வையுங்கள். முன் சக்கரத்தை எடுத்தால் ஃபோர்க்கின் இரண்டு காலுக்கும் நடுவே ஒரு தடுப்புக் கட்டை வையுங்கள். ஹைட்ராலிக் டிஸ்க் என்றால் பேடுகளுக்கு நடுவிலும் அட்டையோ பிளாஸ்டிக்கோ செருகுங்கள், வழியில் யாராவது லிவரை அழுத்தினால் பேடு ஒட்டிக்கொள்ளும். செயினைத் துணியில் சுற்றி ஃபிரேமோடு கட்டுங்கள். மோட்டார் வைத்த வண்டி என்றால் லித்தியம் பேட்டரிக்குத் தனிக் கட்டுப்பாடு உண்டு, கூரியர்காரரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

வண்டியோடு என்னென்ன கொடுக்க வேண்டும்?

பில், கையேடு, கூட வந்த ஸ்பேனர்கள், ஸ்பேசர்கள், வெட்டிய செயின் துண்டு, கழற்றி வைத்த பழைய பெடல். பில்லில் உள்ள சீரியல் எண்ணும் ஃபிரேமில் உள்ளதும் ஒன்றுதான் என்று இருவரும் சேர்ந்து பார்த்துவிடுங்கள். தேதி, விலை, சீரியல் எண், “உள்ள நிலையில் விற்கப்பட்டது” என்ற வரி, இருவர் கையெழுத்து ஆகியவற்றோடு ஒரு தாள் எழுதிக்கொள்வது நல்லது. ஃபிரேம் வாரண்டி பல தயாரிப்பாளர்களிடம் முதலில் வாங்கியவருக்கு மட்டும்தான். தயாரிப்பாளரின் விதியைப் படிக்காமல் “வாரண்டி இருக்கிறது” என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

வாங்கிப் போனவர் ஒரு மாதம் கழித்து “எனக்கும் வரவில்லை, திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்” என்றால்?

விளம்பரத்தில் உண்மையை எழுதி, ஓட்டிப் பார்க்க நேரம் கொடுத்து, தாளும் எழுதியிருந்தால் திருப்பி எடுக்க வேண்டியதில்லை. ஆனால் போனை வைத்துவிடாதீர்கள். பூம் எந்த நீளத்தில் இருக்கிறது, சீட் எவ்வளவு சாய்ந்திருக்கிறது, என்ன பெடல் போட்டிருக்கிறார், எங்கே பழகுகிறார் என்று கேளுங்கள். அனேகமாக சீட்டை முழுக்கச் சாய்த்து வைத்து, சாலையிலேயே நேராக ஏறியிருப்பார். சரிவில் பெடல் இல்லாமல் உருளச் சொல்லுங்கள். அதன் பிறகும் ஆகவில்லை என்றால் உங்கள் விளம்பரத்தையும் படங்களையும் அவருக்கு அனுப்பிவிடுங்கள், புதிதாக விழுந்த கீறலை மட்டும் அவர் சேர்த்துக்கொள்ளட்டும்.